தலமுந் தீர்த்தமும்: ஊரிலிருந்து பூமிசாத்திரங் கற்பித்தல்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் ஒருங்கு சேர்த்துச் சொல்லுதல் சைவசமயிகளாகிய நமது வழக்கம். இவற்றுள் மூர்த்தியைப் பற்றிச் சமயபாட வேளையிலே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். தலம் என்பது நிலம். தீர்த்தம் என்பது நீர். நிலத்தையும் நீரையும் பற்றிய கல்வி யாது? பூமிசாத்திரமேயாம். இக்காலத்துப் பாடநூல்கள் அதனைப் புவியியல் என்று வழங்கும். அவ்வாறாகவும், நம்முட் பெரும்பாலார் சமயத்தை ஒரு வேளையிலும் பூமிசாத்திரத்தை வேறொரு வேளையிலும் நடத்தி, இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாததுபோல விட்டுவிடுகின்றோம். பூமிசாத்திரம் பிள்ளையின் வீட்டுவாயிலிலும் ஊர்க்குளத்திலும் தொடங்கவேண்டும் என்பதும், அங்ஙனம் தொடங்காவிடிற் பிள்ளை ஊர்க்காரியத்திற் கைகொடுக்கும் மனிதராய் வளர்தல் அரிது என்பதுமே இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுந்தவை.

நாம் இளமையிலே கற்றது மிஷன் பாடசாலை யொன்றிலாம். மகாவலிகங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்று அங்கே பிழையின்றி ஒப்புவித்தோம். பரீட்சையிலே நல்ல புள்ளியும் பெற்றோம். மாரிகாலத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்த அம்மான் ஒருவர், "தம்பி, உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலே ஓடுகிற வெள்ளம் எங்கே போகிறது?" என்று வினாவினார். விடை தெரியாது விழித்தோம். அது வழுக்கியாற்றிற் சேரும் வெள்ளம் என்பதையும், அவ்வாறு தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி அராலியிலே கடனீரேரியோடு கலக்கின்றது என்பதையும் அவரே சொல்லக் கேட்டறிந்தோம். தூரத்து ஆற்றின் நீளம் தெரிந்தது. காலை நனைத்த ஆற்றின் பெயர் தெரிந்திலது. பின்னர் அப்பாடசாலையிலேயே கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர், ஒரு கயிற்றிலே முழத்துக்கு முழம் முடிச்சிட்டு, எம்மை வெளியே அழைத்துச் சென்று விளையாட்டிடத்தை அளப்பித்துப் படம் வரைவித்தார். பூமிசாத்திரம் இன்னதென்று நாம் அறிந்தது அன்றேயாம். குறை சொன்ன வாயாலே நன்றியுஞ் சொல்லுதல் முறையாதலால் இதனையும் எழுதினோம்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களும் மிஷன் பாடசாலையிற் கற்றவரே. அங்கே கண்ட நன்முறைகளைத் தள்ளாது, 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பாலபாடங்களை எழுதி வெளியிட்டதோடு, இலங்கைப் பூமிசாத்திரம் என்னும் நூலையும் இயற்றினார். சமயகுரவராய் நாம் போற்றும் பெரியார், தாம் வாழும் நாட்டின் மலையும் ஆறும் ஊரும் பிள்ளைகள் அறியவேண்டிய பொருள்கள் என்று கருதினாரன்றோ? அக்கருத்தை நாம் இக்காலத்துக்கேற்ப நடத்தும் வகையை இனிச் சொல்லுவோம்.

முதலாவது பாடம்: காலடியளவு

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை முதலிலே தேசப்படத்தின் முன் நிறுத்துதல் பயன்றராது. படம் என்பது மேலிருந்து பார்க்கும் பார்வை. அப்பார்வை பிள்ளைக்கு இயல்பாய் வருவதன்று. ஆதலால் வகுப்பறையை முதலிலே காலடியால் அளக்கச் செய்க. பத்துக் காலடிக்கு ஒரு விரலளவு என்று கணக்கு வைத்துக் கரும்பலகையில் வரைக. பின்னர்ப் பாடசாலை வளவு, அதன்பின் பாடசாலையிலிருந்து கோயில்வரையுள்ள வீதி, அதன்பின் ஒவ்வொரு பிள்ளையின் வீடும் ஒழுங்கையும் என விரித்துக்கொண்டு போகலாம். திசையைக் கோயிலைக்கொண்டே காட்டலாம். கிழக்குநோக்கிய சந்நிதியின் முன் நின்று, எழுகின்ற சூரியனைப் பார்த்தபடி இரு கைகளையும் விரித்தால், இடக்கை வடக்கையும் வலக்கை தெற்கையுங் காட்டும். சுவாமி எழுந்தருளும் வீதி நான்கையும் பிள்ளைகள் நடந்தறிந்தவர்கள். அவற்றை வரையச் சொன்னால் மகிழ்ந்து வரைவார்கள்.

இரண்டாவது பாடம்: ஊர்ப்பெயரும் காணியெல்லையும்

நமது ஊர்ப்பெயர்கள் பூமிசாத்திர ஏடுகள் என்க. கொக்குவில், இணுவில், கோண்டாவில், நுணாவில், மந்துவில் என்னும் பெயர்களின் ஈற்றிலுள்ள வில் என்னுஞ் சொல்லுக்கு நீர்நிலை என்று பொருள் கொள்வர். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை என்பன மரக்கலம் வந்துசென்ற கரைகளைச் சொல்லுகின்றன. மாவிட்டபுரம் என்னும் பெயர், சோழ இளவரசியொருத்தி கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்றாள் என்னும் ஐதிகத்தைத் தாங்கிநிற்கின்றது. "உன் ஊர்ப்பெயரின் பொருள் யாது? அப்பெயர் சொல்லும் குளமோ மரமோ துறையோ இன்று எங்கே உள்ளது?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் வினாவுக. வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டுவரும் பிள்ளை, பாடநூலிற் காணாத விடையைக் கொண்டுவரும்.

வீட்டுக் காணியுறுதியின் பிரதியொன்றைப் பெற்றோர் காட்டச் சம்மதித்தால் அதுவும் நல்ல பாடநூலாம். அதிலே காணியின் பெயர், கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு என்னும் நான்கெல்லை, பரப்பும் குழியுமாகிய அளவு ஆகியன எழுதப்பட்டிருக்கும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதைப் பிள்ளை கணக்கிலே கற்பதினும், தான் உறங்கும் நிலத்தைக்கொண்டு கற்பது நெஞ்சில் நிற்கும். காணியின் விலையையும் உடையவர் பெயரையும் வகுப்பிலே பேசாதிருத்தல் ஆசிரியர் கடன்.

இப்பாடம் இன்று முன்னரிலும் வேண்டப்படுகின்றது. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டகன்றார்கள். 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாமம் முழுதுமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்றது. யுத்தம் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின்னரும் காணிகள் பகுதிபகுதியாகவே விடப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேலாய்ப் பிறர்வளவிலும் முகாமிலும் வாழ்ந்து திரும்பினோர், மதிலும் வேலியும் மரமும் அழிந்த வெளியிலே தம் எல்லை எதுவெனத் தேடிநின்றார்கள். ஊரைக் கண்ணாற் காணாமலே அதன் பெயரைச் சொந்தவூர் என்று படிவத்தில் எழுதி வளர்ந்த பிள்ளைகள் பலர். காணிப்பெயரும் குளப்பெயரும் அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் வாயிலுள்ளதைப் பிள்ளைகளின் கொப்பியிலே சேர்த்துவைக்க நமக்குள்ள காலம் சிறிது.

மூன்றாவது பாடம்: கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றுவதே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் பெய்யும் மழையே நமது பிரதான செல்வம். அது கீழிறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலுந் தங்குகின்றது. மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாய்க் கரைத்துக் குகை செய்யும். குகையின் கூரை இடிந்து விழுந்தவிடமே நிலாவரை போன்ற ஆழ்கேணி. கீரிமலையிலே கடலருகில் நன்னீர் ஊறுவதும் இக்கற்பிளவுகளின் வழியாகவேயாம்.

நிலத்தின்கீழ் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. உவர்நீர் பாரமானது, நன்னீர் இலேசானது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்துநின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தாலோ, கீழிருந்து உவர் 40 அடி ஏறிவர இடமுண்டாகும். இதனைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எளிது. ஒரு கண்ணாடிப் பாத்திரத்திலே உப்புக் கரைத்த நீரை விட்டுச் சிறிது மையுங் கலந்து, அதன்மேல் நன்னீரைக் கரண்டியின் முதுகிலே மெல்ல மெல்ல வார்க்க. நன்னீர் மேலே தெளிந்து நிற்கும். பின்பு ஒரு குழலாலே மேனீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்க மைநீர் குழல்வாயை அணுகும். நிலாவரையின் மேனீர் நன்னீராயும் ஆழத்துநீர் உவராயும் இருப்பதன் காரணத்தைப் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள்.

முன்னோர் துலாவிட்டு இறைத்தார்கள். துலாமிதிப்போரின் கால் சலித்தபோது இறைப்பு நின்றது; கிணறும் இளைப்பாறிற்று. இயந்திரம் சலிப்பதில்லை. அன்றியும் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடும் இரசவளத்தாலும், கிணற்றுக்கு அணித்தாய் வெட்டிய மலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று நீரிலே சேர்கின்றது. அது மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும். என் கிணறு, உன் கிணறு என்று வேலியிட்டுப் பேசுகின்றோம், நிலத்தின்கீழ் வேலியில்லை. ஒருவர் வளவிலே ஊற்றியது மற்றவர் வாளியிலே வரும். குடிமக்கள் கடமை என்று நாம் நீளப் பேசுவதனைத்தையும் இந்த ஒரு செய்தி பிள்ளைக்கு உணர்த்திவிடும்.

செய்கைப்பாடமாவது: முடிச்சிட்ட கயிற்றிலே சிறு பாரங் கட்டி, மாதப்பிறப்புத்தோறும் பாடசாலைக் கிணற்றின் கட்டிலிருந்து நீர்மட்டம்வரை அளந்து, அவ்வளவை வகுப்புச் சுவரிலே குறித்துவருக. பன்னிரண்டு மாதமும் குறித்தால், கோடையிலே நீர் இறங்கியதும் மாரியிலே ஏறியதும் ஒரு வளைகோடாய்க் கண்முன் நிற்கும். கட்டுள்ள கிணற்றிலன்றி அளப்பிக்கலாகாது. ஆசிரியர் அருகில் நிற்கவேண்டும்.

நான்காவது பாடம்: திருக்குளம்

முதன்மழை பெய்த மறுநாள் பிள்ளைகளைக் கோயிற் குளத்துக்கு அழைத்துச் செல்லுக. நீர் எவ்வாய்க்காலால் வருகின்றது? அவ்வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டுப்பக்கம் நடக்க. எங்கேயோ ஓரிடத்திலே அது மதிலால் அடைபட்டிருக்கும்; அல்லது வீதியின்கீழ்க் குழாய் தூர்ந்திருக்கும்; அல்லது பிளாத்திக்குப் பைகளாலே நிறைந்திருக்கும். அவ்விடங்களைப் படத்திலே சிவப்பு மையாற் குறிப்பிக்க. குளம் வற்றியதற்குக் காரணம் மழை பொய்த்தது மாத்திரமன்று என்பதைப் பிள்ளை தன் காலால் நடந்து கண்டுகொள்ளும். குளத்திலே தங்கிய நீரே சுற்றிலுமுள்ள கிணறுகளுக்கு ஊறுகின்றது என்பதைச் சென்ற பாடத்தோடு பொருத்திக் காட்டுக.

பாடம் இங்கே முடிந்துவிடலாகாது. படத்தைப் பிரதிசெய்து, பிள்ளைகள் தம் கையால் ஒரு விண்ணப்பமும் எழுதி, கோயிற் பரிபாலனஞ் செய்வோருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் பிரதேச சபைக்கும் கொடுப்பிக்க. விண்ணப்பத்திலே யார்மேலுங் குற்றஞ் சாட்டுதல் வேண்டா. அடைபட்ட இடமும், அடைப்பை நீக்கும் வழியும் கூறினாற் போதும். பதில் வருமாயின் அது ஒரு பாடம். வராதாயின், மறுமுறை எழுதுவதும் ஒரு பாடம். பிள்ளைகளாற் செய்யத்தக்க சிறுவேலையைப் பெரியோருடன் நின்று தாமே செய்வார்களாக. திருநாவுக்கரசு நாயனார் கையிலேந்திய உழவாரத்தை நாம் படத்திலே வணங்குகின்றோம். பிள்ளை அதன் பொருளைக் குளக்கரையிலே அறியும்.

தண்டியடிகணாயனார் சரித்திரத்தை இப்பாடத்தோடு சேர்த்துச் சொல்லுதல் தகும். பிறவியிலே கண்ணொளி இல்லாத அப்பெரியார், திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்கிலுள்ள குளம் தூர்ந்து குறைந்துவருதலை அறிந்து, குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைத் தோண்டிச் சுமந்து கொட்டினார் என்று பெரியபுராணங் கூறும். கண்ணில்லாதவருக்குக் கயிறு வழிகாட்டியது. கண்ணிருந்தும் ஊரைக் காணாத நமக்கும் பிள்ளைகள் கையிலுள்ள முடிச்சுக்கயிறு வழிகாட்டக் கூடும்.

ஐந்தாவது பாடம்: கடலும் காற்றும்

கரையூர்ப் பிள்ளைகளுக்கு வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்னும் காற்றுப்பெயர்கள் தாய்ப்பாலோடு வந்தவை. பருவக்காற்று என்னும் பாடத்தை அவர்கள் ஆசிரியருக்கே கற்பிக்க வல்லவர்கள். அவர்களை எழுந்து சொல்லவிடுக. உள்ளூர்ப் பிள்ளைகள் கேட்பார்களாக.

2004ஆம் ஆண்டு மார்கழி மாதம், டிசெம்பர் 26ஆந் தேதி, ஆழிப்பேரலை எழுந்து வடமராட்சிக் கரை முதலாக இலங்கையிலே முப்பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டது. கடல் உள்வாங்கியபோது, அதன் குறிப்பை அறியாது வேடிக்கை பார்க்க இறங்கினோர் பல கரைகளிலும் மாண்டார்கள். அன்றே தாய்லாந்திலே புக்கெற்றுத் தீவின் கரையொன்றில், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பத்துவயதுச் சிறுமி, கடல் நுரைத்து வேறுபடுதலைக் கண்டு, இரண்டு கிழமைக்கு முன் பூமிசாத்திர வகுப்பிற் கற்றதை நினைந்து பெற்றோரிடங் கூற, அக்கரையிலிருந்தோர் யாவரும் ஓடி உயிர்தப்பினர். ஓர் ஆசிரியர் ஒரு வேளையிற் சொன்ன பாடம் அத்தனை உயிரைக் காத்தது. பூமிசாத்திரம் பரீட்சைக்கு மாத்திரம் உரியதென்று இனியும் யார் சொல்லுவார்?

படத்திலே விடுபடலாகாதோர்

இங்கே எமது பிழையொன்றையும் மறையாது எழுதுதல் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்புப் பிள்ளைகள் வரைந்த ஊர்ப்படத்தைச் சரசுவதி பூசையன்று சுவரிலே தூக்கினோம். பெற்றோர் பலரும் பார்த்துப் புகழ்ந்தனர். ஒரு சிறுமி மாத்திரம் அதனை நெடுநேரம் பார்த்துநின்று, "ஐயா, எங்கள் ஒழுங்கை இதில் இல்லையே" என்றாள். படம் நாம் பார்த்துத் திருத்தியது. அவ்வொழுங்கை நமது கண்ணுக்குப் படாதது ஏன் என்று எண்ணிப் பார்த்தோம். அவ்வூரிலே ஆண்டுக்கணக்காய்க் கற்பித்தும் நாம் அவ்வழியில் ஒருநாளும் நடந்ததில்லை. மறுநாள் அச்சிறுமியே முன்னே நடந்து வழிகாட்ட, வகுப்பு முழுவதும் அங்கே சென்று அளந்து வந்தது.

யாவர் எந்தக் கிணற்றில் நீரள்ளலாம், எந்தக் கோயிலினுள்ளே புகலாம் என்று சாதிபற்றி வரம்பிட்ட காலம் நமது ஊர்களில் இருந்தது. கோயிற்பிரவேசத்துக்காக 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திற் சத்தியாக்கிரகம் நிகழ்ந்ததை மறத்தலாகாது. ஊர்ப்பற்று என்று நாம் வளர்ப்பது ஊரின் ஒரு பாதியை மறைக்கும் பற்றாயின், அது பற்றன்று, செருக்கு. ஆகையால் எந்தப் பிள்ளையின் வீடும் படத்தில் விடுபடலாகாது. சிவாலயம் குறித்த படத்திலே தேவாலயமும் பள்ளிவாசலும் சனசமூக நிலையமும் மயானமும் இருத்தல் வேண்டும். கிணறுகளைக் குறிக்கும்போது, "இக்கிணற்றில் முன்னே யார் அள்ளினர்?" என்று பிள்ளை கேட்டால், உள்ளதைச் சொல்லுக. பொய்ப்படத்தாலே ஊரைக் காத்தவர் எவருமிலர்.

ஊரிலிருந்து உலகத்துக்கு

இவ்வாறு ஊரிலே நின்றுவிட்டாற் பிள்ளைகள் கிணற்றுத் தவளைகளாவார்களே என்பர் சிலர். அங்ஙனமன்று. ஊர்க்குளத்தை அளந்த பிள்ளை பாலாவித் தீர்த்தத்தை எளிதில் உணரும். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் திருக்கேதீச்சரத்தையும், சம்பந்தர் திருக்கோணமலையையும் பாடியருளினர். அத்தலங்களைத் தேசப்படத்திற் காட்டுக. திருக்கோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கும் ஆறு யாது என்று வினாவுக. அது மகாவலிகங்கை. 335 கிலோமீற்றர் என்று நாம் இளமையில் உருப்போட்ட எண், அப்போதுதான் மலையும் காடும் வயலும் தலமுமாய் உயிர்பெறும். கிணற்றின் உவரை அறிந்த பிள்ளை, கடல்சூழ்ந்த பிறநாட்டார் படும் நீர்த்துன்பத்தையும் அறியும்.

பாடத்திட்டம் நெருக்குகின்றது, பரீட்சை துரத்துகின்றது, இவற்றுக்கெல்லாம் வேளை எங்கே என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. ஆரம்ப வகுப்புக்களிற் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடம் ஏற்கெனவே உண்டு. மேல்வகுப்புக்களிற் புவியியல் உண்டு. கோயில்களைச் சார்ந்த அறநெறிப் பாடசாலைகளிலே ஞாயிற்றுக்கிழமை உண்டு. மாதத்துக்கு ஒரு வேளை வெளியே சென்றாற் போதும். கைத்தொலைபேசியிலே உலகப்படம் முழுவதும் கிடைக்கின்றதே என்பாருக்கு, அதிலே தம் ஊர்க் கேணியின் பெயரைத் தேடிக் காட்டும்படி சொல்லுக. கடையின் பெயர் வரும். கேணியின் பெயர் வருதல் அரிது. அதனை எழுதவேண்டியவர்கள் நம் பிள்ளைகளே.

ஆசிரியர்காள், வருகின்ற மாதப்பிறப்பன்று ஒரு கயிறெடுத்து முழத்துக்கு முழம் முடிச்சிடுங்கள். பிள்ளைகளோடு கிணற்றடிக்குச் செல்லுங்கள். தன் ஊரின் நீர் எங்கிருந்து வருகின்றது என்று அறிந்த பிள்ளை அதனைக் கெடுக்க மனங்கொள்ளாது. கெடுப்பவரைக் கண்டால் வாய்மூடியும் இராது. நமது தலமும் தீர்த்தமும் நிலைபெறுவது அப்பிள்ளைகளாலேயாம். அதற்குத் திருவருள் துணைசெய்வதாக.